நான்காவது கட்டம்

வேலூர்க்காரர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் இல்லாதவற்றைத்தான் முதலில் அடுக்குவார்கள். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். கடைசி ஒன்று 1981இல் பொய்யாகிவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் பட்டியலை யாரும் திருத்தவில்லை. இந்த அத்தியாயம் அந்தப் பட்டியலில் இடம்பெறாத இன்னொரு இல்லாமையைப் பற்றியது. வீடு இல்லாதவர்கள் எத்தனை பேர்? கேள்வி சின்னது. இதற்கு விடை தேடப்போன புள்ளியியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் அரசிடம் ஒரு விடை இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணினார்கள். கடைசி நாளான 28ஆம் தேதி இரவு மட்டும் வீடற்றவர்களுக்கு. சாலையோரம், நடைபாதை, பெரிய சிமென்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று எங்கெல்லாம் தேட வேண்டும் என்பதற்கு விதியிலேயே பட்டியல் உண்டு. அந்த ஒரே இரவில் நாடு முழுவதும் கிடைத்தவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 51 ஆயிரம். பத்தாண்டுக்கு முன் 2001இல் அதே தமிழ்நாட்டில் 86 ஆயிரத்துக்கு மேல் இருந்தார்கள். பத்து ஆண்டில் 35 ஆயிரம் பேருக்கு வீடு கிடைத்துவிட்டது என்று இதைப் படிக்கலாம். 35 ஆயிரம் பேர் எண்ணுகிறவர் கண்ணில் படவில்லை என்றும் படிக்கலாம். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எது சரி என்று சொல்ல முடியாது. இங்கிருந்துதான் அறிவியல் தொடங்குகிறது.

உச்ச நீதிமன்றத்தில் நடந்த உணவு உரிமை வழக்கின் ஆணையர்கள் வேறொரு கணக்கு வைத்தார்கள்: நகர மக்களில் குறைந்தது நூற்றுக்கு ஒருவர் வீடற்றவர். 2011இல் தமிழ்நாட்டின் நகர மக்கள் 3.49 கோடி. அதில் நூற்றுக்கு ஒன்று என்றால் மூன்றரை லட்சம். ஒரு பக்கம் 51 ஆயிரம், மறுபக்கம் மூன்றரை லட்சம். 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் எதையும் எண்ணாமலே ஒரு வழி கண்டுபிடித்தது. நகரத்தில் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் காப்பகம் வேண்டும் என்றது. அந்தக் கணக்குப்படி 2011இல் 1,14,608 பேர் வாழ்ந்த ஆம்பூருக்கு 115 படுக்கை தேவை. ஆம்பூர் பிளாட்பாரத்தில் அன்று எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்பதற்கும் இந்த 115க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சரி, நாமே ஒரு இரவு எண்ணிப் பார்ப்போம். கற்பனையில்தான். ஆளுக்கொரு நோட்டு, ஒரு டார்ச். வேலூர் பழைய பேருந்து நிலையத்தில் தொடங்கி, கோட்டை அகழியை ஒட்டி நடந்து, சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் சாலைக்கு வருகிறோம். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மூடிய கடைகளின் படிகளில் பெட்ஷீட் போர்த்திப் படுத்திருப்பவர்களை எண்ணத் தொடங்குகிறோம். ஐந்தாவது ஆளிலேயே மாட்டிக்கொள்கிறோம். அவர் தலைமாட்டில் எக்ஸ்ரே உறை இருக்கிறது. வங்காளத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்தவர். மனைவி உள்ளே வார்டில். பாபு ராவ் தெருவிலும் காந்தி ரோட்டிலும் லாட்ஜ்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு வைத்த பணம் லாட்ஜ் வாடகையாகக் கரைந்துவிடக் கூடாது என்று வெளியே படுத்திருக்கிறார். இவர் வீடற்றவரா?

கணக்கெடுப்பு விதி இதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. கணக்கெடுக்கும் அந்த இருபது நாளில் ஒரு நாளாவது சொந்த வீட்டில் இருந்திருந்தால் அவர் அந்த ஊர்க் கணக்கு. இருபது நாளும் வீட்டில் இல்லையென்றால், எங்கே கண்டோமோ அங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதாவது நடு இரவில் அவரை எழுப்பி, தெரியாத மொழியில், “பிப்ரவரி 9ஆம் தேதி எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்க வேண்டும். எத்தனை பேர் கேட்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

அடுத்தவர் உள்ளூர் ஆள். பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர் மாதிரி தெரிகிறது. “வீடு இருக்காங்க?” என்று கேட்டால் இந்தப் பக்கத்துப் பேச்சில் இப்படி ஒரு பதில் வரும்: “ஊடு கீது சார். நான் அங்க இல்ல.” குடியோ, பிள்ளைகளோடு சண்டையோ, ஒரு பழைய அவமானமோ, நமக்குத் தெரியாது. ரேஷன் கார்டில் பெயர்கூட இருக்கலாம். இவருடைய வீடு ஏற்கெனவே எண்ணப்பட்டிருந்தால், அங்கே இருப்பவர்கள் இவர் பெயரையும் சொல்லியிருந்தால், இவர் இரண்டு முறை எண்ணப்படுகிறார். சொல்லவில்லை என்றால், நாம் இந்த இரவு இந்தத் தெருவில் நடக்காமல் போயிருந்தால், ஒரு முறைகூட எண்ணப்பட மாட்டார்.

லண்டனுக்கு ஒரு நிமிடம் போய் வருவோம். அங்கே தெருவில் படுப்பவர்களை இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். இலையுதிர்காலத்தில் ஒரே ஓர் இரவு எண்ணுவது ஒன்று. ஆண்டு முழுவதும் களப்பணியாளர்கள் தெருவில் சந்திக்கும் ஒவ்வொருவரையும் பதிவேட்டில் சேர்ப்பது இன்னொன்று. 2023 இலையுதிர்கால இரவில் லண்டனில் கிடைத்தவர்கள் 1,132 பேர். 2023 ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரை பதிவேட்டில் ஏறியவர்கள் 11,993 பேர். ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே காலம், பத்து மடங்கு வித்தியாசம். இரண்டில் எதுவும் பொய்யில்லை. ஒன்று குளத்தில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளக்கிறது. மற்றது ஆண்டு முழுவதும் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று அளக்கிறது.

நோய்ப் பரவலியலில் இது பாலபாடம். ஒரு கணத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, புதிதாக வருகிறவர்களின் வேகத்தையும் ஒவ்வொருவரும் தங்கும் காலத்தையும் பெருக்கினால் வருவது. நூறு பேர் ஆளுக்கு மூன்று நாள் தெருவில் கிடந்து போகிறார்கள், ஒருவர் முந்நூறு நாளும் அங்கேயே கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஓர் இரவு போய்ப் பார்த்தால் அந்த ஒருவர் ஏறக்குறைய எப்போதும் அங்கே இருப்பார். நூறு பேரில் ஓரிருவர் கண்ணில் பட்டாலே அதிகம். ஒற்றை இரவுக் கணக்கு நாள்பட்டவர்களையே பெரிதாகக் காட்டும். அவர்களில் மனநோயும் குடியும் அதிகம். அதனால் வீடின்மை என்றாலே மனநோயும் குடியும்தான் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் காப்பகப் பதிவேடுகளை அலசிய குன், கல்ஹேன் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட முடிவு இதைத் தலைகீழாகக் காட்டியது. காப்பகத்துக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் சிறிது காலம் தங்கிப் போனவர்கள். பத்தில் ஒருவர்தான் நாள்பட்டவர். ஆனால் காப்பகத்தின் மொத்தப் படுக்கை நாட்களில் ஏறத்தாழ பாதியை அந்த ஒருவரே பயன்படுத்தினார்.

இதில் வேலூருக்கு மட்டும் உரிய ஒரு முரண் உண்டு. மக்களைப் பொறுமையாக, வீடு வீடாகப் போய் ஆராய்வதில் இந்த மாவட்டத்துக்கு உலக அளவில் பெயர். கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம் 1960களிலிருந்து குடியாத்தம் வட்டம் முழுவதையும் கதவு கதவாகத் தட்டித் தொழுநோயாளிகளைத் தேடியது. கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி.யின் சமூக சுகாதாரத் துறை பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிகிறது. ஊர்ப் பணியாளர், அவருக்கு மேல் செவிலியர், அவருக்கு மேல் மருத்துவர் என்று ஒரே வீட்டுக்குப் பல அடுக்கில் ஆள் போகிறார்கள். இத்தனை நுட்பமான ஆய்வுகளுக்கும் அடித்தளம் ஒரே ஒரு பொருள்தான்: கதவு. கதவு எண்தான் மாதிரிச் சட்டகம், அதாவது ஆய்வுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மூலப் பட்டியல். கதவு இல்லாதவர் சட்டகத்துக்கு வெளியே. கொடுமை என்னவென்றால், அந்தக் காலத்தில் தொழுநோய் கண்டவரைத்தான் முதலில் வீட்டை விட்டு அனுப்பினார்கள். தொழுநோயாளிகளின் கையை அறுவை சிகிச்சையால் சரிசெய்த மருத்துவர் பால் பிராண்ட், குணமானவர்களுக்குப் போக இடமில்லை என்று கண்டு, 1950களின் தொடக்கத்தில் சி.எம்.சி. வளாகத்திலேயே அவர்களுக்குக் குடிசைகள் போட வேண்டியிருந்தது.

கதவைத் தட்ட முடியாவிட்டால் எங்கே நிற்பது? பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே 2001இல் ஒரு வழி கண்டது. வீடற்றவர் எங்கே படுப்பார் என்று தேடாதே, எங்கே சாப்பிட வருவார் என்று பார். சூப் வழங்கும் இடங்களிலும் காப்பகங்களிலும் ஆட்களை நிறுத்திக் கேட்டார்கள். இந்த யோசனையை அப்படியே வேலூருக்குக் கொண்டுவந்தால் அம்மா உணவகமும் கோயில் அன்னதானமும் தர்கா வாசலும்தான் களம். ஆனால் ஒரே ஆள் காலையில் அம்மா உணவகம், மதியம் அன்னதானம், இரவு தர்கா என்று மூன்று இடத்திலும் வரிசையில் நிற்பார். அவர் நம்மிடம் மாட்டும் வாய்ப்பு மூன்று மடங்கு. எனவே கடந்த சில நாளில் எங்கெங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, மூன்று இடம் என்றால் அவரை மூன்றில் ஒருவராகக் கணக்கு வைக்க வேண்டும். எண்ணும்போது ஒரு மனிதனை மூன்றில் ஒன்றாக்குவது மரியாதைக் குறைவு போலத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்யாவிட்டால், ஒரே ஓர் இடத்தில் மட்டும் சாப்பிட வருகிறவருக்கு இன்னும் அநியாயம்.

இனி இந்தத் துறையின் மிக அழகான கருத்துக்கு வருவோம். அது கூர்மை பெற்ற இடம் ஐரோப்பா அல்ல, வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துச் சிங்கூர். அங்கே கல்கத்தாவின் அகில இந்தியச் சுகாதார நிறுவனம் ஒரு கிராமச் சுகாதார மையம் நடத்திவந்தது. பிறப்பு, இறப்புகளுக்கு அரசுப் பதிவேடு ஒன்று இருந்தது. ஆய்வாளர்களும் வீடு வீடாகப் போய்த் தனியாக ஒரு பட்டியல் எடுத்தார்கள். இரண்டிலுமே ஓட்டை. புள்ளியியலாளர் சந்திரசேகரனும் அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் எழுதிய கட்டுரையில் கேட்ட கேள்வி இதுதான்: இரண்டு ஓட்டைப் பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இரண்டிலும் விழாமல் போனவர்களையும் கண்டுபிடிக்க முடியுமா? இந்த டெமிங்தான் பின்னாளில் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாடு கற்றுக்கொடுத்தவர். மீன்களுக்கு அடையாளம் போட்டுக் குளத்தில் விட்டு மறுபடி வலைவீசி எண்ணும் முறை அதற்கு முன்பே உண்டு. மனிதர்களுக்கு அதைத் துல்லியமான கருவியாக்கியது சிங்கூர்.

கணக்கு எளிது. முதல் இரவு தெருவில் 120 பேரைப் பார்த்துப் பெயர் எழுதினோம் என்று வைத்துக்கொள்வோம். மறுவாரம் அன்னதான வரிசையில் தனியாக 100 பேரை எழுதினோம். ஒப்பிட்டால் 60 பேர் இரண்டிலும் இருக்கிறார்கள். ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போடுங்கள். இரண்டிலும் இருப்பவர் 60. தெருவில் மட்டும் கண்டவர் 60. வரிசையில் மட்டும் கண்டவர் 40. நான்காவது கட்டம் காலி. இரண்டிலும் வராதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இப்போது யோசியுங்கள். அன்னதானத்தில் கண்ட 100 பேரில் 60 பேர் ஏற்கெனவே தெருக் கணக்கில் இருந்தார்கள். அப்படியானால் தெருக் கணக்கு நூற்றுக்கு 60 பேரைப் பிடிக்கும் வலை. அந்த வலையில் 120 விழுந்தது என்றால் குளத்தில் மொத்தம் 200. நான்காவது கட்டத்தில் 40 பேர். யாருமே பார்க்காத 40 பேர், காகிதத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு இது மந்திரவாதம் போல இருந்தது. மந்திரம் பலிக்க வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. தெருவில் அவை ஒவ்வொன்றாக உடைகின்றன. முதல் நிபந்தனை, இரண்டு பட்டியலுக்கும் இடையே ஆட்கள் வரவும் கூடாது, போகவும் கூடாது. காட்பாடி ஜங்ஷன் பக்கத்தில் இருக்கும் ஊரில் இதை யாரிடம் சொல்வது? இரண்டாவது, ஆளை அடையாளம் காண்பதில் தவறு நேரக் கூடாது. பேருந்து நிலையத்தைச் சுற்றி மணி என்ற பெயரில் நாலு பேராவது இருப்பார்கள். இந்த மணிதான் அந்த மணி என்று தெரியாமல் 60 பொருத்தத்தில் 20ஐ நாம் தவறவிட்டால், விடை 200இலிருந்து 300ஆக எகிறும்.

மூன்றாவதுதான் மிகவும் வலிக்கும் நிபந்தனை: ஒரு பட்டியலில் சேர்வதற்கும் இன்னொன்றில் சேர்வதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஆனால் ஒளிந்துகொள்பவர் இரண்டு முறையும் ஒளிந்துகொள்வார். தமிழ்நாட்டில் பிச்சையெடுப்பதைத் தடுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. இரவில் நோட்டும் டார்ச்சுமாக நெருங்குகிறவரைப் பார்த்தால் தெருவில் இருப்பவர் கருணையாளர் என்று எப்படி நினைப்பார்? வண்டியில் ஏற்ற வந்தவர் என்றுதான் நினைப்பார். பெண்கள் இன்னும் கவனமானவர்கள். இரவு முழுவதும் வெளிச்சமும் கூட்டமும் உள்ள இடங்களில் விழித்தே இருந்துவிட்டுப் பகலில் கோயில் திண்ணையில் தூங்குவார்கள். இரவுக் கணக்குக்கு அவர்கள் பயணிகள், பகல் கணக்குக்குப் பக்தைகள். இப்படிப்பட்டவர்கள் இரண்டு வலையிலிருந்தும் சேர்ந்தே நழுவுவதால், மாட்டுகிறவர்களும் சேர்ந்தே மாட்டுவார்கள். நம் உதாரணத்தில் பொருத்தம் 60க்குப் பதில் 80 ஆகியிருக்கும். விடை 200 அல்ல, 150. பயம் எவ்வளவு அதிகமோ, கணக்கு அவ்வளவு குறையும். சந்திரசேகரனும் டெமிங்கும் இதை அறிந்தே இருந்தார்கள். ஒரே மாதிரியானவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடு என்பது அவர்கள் சொன்ன மருந்து. ஆண் தனி, பெண் தனி. நாள்பட்டவர் தனி, மருத்துவமனைக்கு வந்தவர் தனி. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் வீடற்றவர்களையும் அவர்களில் மனநோயாளிகளையும் இதே முறையில் மதிப்பிட்ட ஆய்வு 1994இல் வெளியானது.

நியூயார்க்கில் 2005இல் வேறொரு தந்திரம் செய்தார்கள். கணக்கெடுப்பு இரவில் 58 இடங்களில் தங்கள் ஆட்களையே வீடற்றவர் போல உட்காரவைத்தார்கள். எண்ணுகிறவர்களுக்குச் சொல்லவில்லை. 17 இடங்களில் அவர்களை யாருமே வந்து எண்ணவில்லை. எண்ணப்படத் தயாராக, மறையாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கே இந்தக் கதி.

இதுவரை நாம் தெருவிலேயே நடந்தோம். தோல் பட்டைக்கு, அதாவது ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால் கேள்வியே மாறிவிடுகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி வேனில் வந்து மாலையில் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுக்கு வேறு குறைகள் உண்டு, ஆனால் இந்த அத்தியாயத்தில் அவர்களைச் சேர்ப்பது தவறு. நான் சொல்வது தோல் பதனிடும் டேனரிகளை. உப்புத் தோலை ஊறவைக்கிற, சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு எடுக்கிற, டிரம்மில் குரோம் ஏற்றுகிற, நாறுகிற ஈர வேலைக்கு இப்போது வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வருகிறார்கள். வேலை முடிந்ததும் கேட்டுக்கு வெளியே போகாமல் அங்கேயே ஒரு ஷெட்டில் படுப்பவர்கள் இவர்களில் உண்டு.

இவர்கள் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. அதனால் நம் கணக்கெடுப்பின் மொழியில் வீடற்றவர் இல்லை. ஐரோப்பாவின் ஃபியான்ட்சா என்ற அமைப்பு 2005இல் வெளியிட்ட வகைப்பாட்டை எடுத்துப் பார்த்தால் காட்சி மாறும். அவர்கள் கூரையின்மை வேறு, வீடின்மை வேறு என்று பிரித்தார்கள். வீடு என்பதற்கு மூன்று அளவுகோல் வைத்தார்கள். வாழத் தகுந்த, தனக்கென்று ஓர் இடம் இருக்கிறதா? அங்கே அந்தரங்கமும் உறவும் சாத்தியமா? அங்கே இருக்கச் சட்டப்படி உரிமை உண்டா? டேனரி ஷெட்டை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். உள்ளிருந்து பூட்டக் கதவில்லை. மனைவி வந்து இரண்டு நாள் தங்க முடியாது. வேலை போனால் அன்று இரவே படுக்கையும் போச்சு. மூன்றிலும் தோல்வி. இந்தியச் சொற்களை வைத்துக்கொண்டு இந்திய வீடின்மையைப் பார்க்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு, நானும் பெரும்பாலும் அந்தக் கட்சிதான். இந்த ஓர் இடத்தில் ஐரோப்பியத் தராசு நம்முடையதைவிட நுட்பமானது.

2015 ஜனவரி 31, விடிவதற்கு முன். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. குழம்பாகத் தேங்கியிருந்த கசடு பக்கத்து டேனரிக்குள் பாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் பத்துப் பேர் அதில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். விபத்துக்கான காரணங்களைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள், மாசுக் கட்டுப்பாட்டைப் பற்றி, அனுமதி இல்லாத தொட்டியைப் பற்றி. எனக்கு அதோடு இன்னொன்றும் தோன்றியது. அந்த இரவு கணக்கெடுப்பு இரவாக இருந்திருந்தால் இவர்கள் எந்தக் கட்டத்தில் விழுந்திருப்பார்கள்?

வங்காளத்து வீட்டில் கேட்டால், மாதக்கணக்கில் ஊரில் இல்லாதவரை அந்த வீட்டுக் கணக்கில் எழுதக் கூடாது என்பது விதி. ராணிப்பேட்டையில் தெருவை எண்ணுகிறவர் கேட்டுக்குள் வரமாட்டார். அவர் வேலை நடைபாதை. வீட்டை எண்ணுகிறவர் அந்தக் கட்டடத்துக்கு எதிரே ‘தொழிற்சாலை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போயிருப்பார். உறவில்லாதவர்கள் ஒன்றாகத் தங்கி ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் அதை ‘நிறுவனக் குடும்பம்’ என்று தனியாக எழுதச் சொல்லும் விதி ஒன்று உண்டு. விடுதிகளுக்கும் சிறைகளுக்கும் அது ஒழுங்காக நடக்கும். டேனரி ஷெட்டுக்கு நடக்க வேண்டுமானால், உள்ளே அடுப்பு இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 நள்ளிரவைக் குறிநேரமாக அரசு அறிவித்திருக்கிறது. இந்த முறை கையில் காகிதம் இல்லை, செல்போன் செயலி. சிப்காட்டின் ஏதோ ஒரு கேட்டுக்கு முன்னால், கணக்கெடுக்க வந்த ஓர் ஆசிரியர் நின்று, உள்ளே யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்பார். வாட்ச்மேன் பின்னால் திரும்பி ஷெட் பக்கம் ஒரு முறை பார்ப்பார். “கம்பெனி சார் இது. இங்க யாரு தங்கறாங்கோ?”